முதுமைப் பாடத்தில் நூற்றுக்கு நூறு

ஒருவர் நன்றாக முதுமை அடைந்திருக்கிறாரா இல்லையா என்பதை நாற்பது கேள்விகளில் கண்டுபிடித்துவிடலாம் என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். அப்போது எனக்கு வயது இருபத்துநான்கு. முதுமையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது எனக்கு வராது என்பது மட்டும்தான்.

1992இல் லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் முதியோர் ஆய்வுப் பிரிவில் ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். படித்தது புள்ளிவிபரவியல். சுபாவம் பட்டியல் போடுவது. (கடைக்குப் போகப் பட்டியல் போடுவேன். என்னென்ன பட்டியல்கள் போடவேண்டும் என்பதற்கும் ஒரு பட்டியல் இருந்தது. அது பச்சைக் கொப்பியில்.) என் மேலதிகாரி டாக்டர் ஹெலன், ஐம்பதைத் தாண்டிய, குரலை உயர்த்தியே பேசாத வெள்ளைக்காரப் பெண்மணி. "வெற்றிகரமான முதுமை என்று எல்லோரும் பேசுகிறார்கள். அது என்னவென்று யாரும் சொல்வதில்லை. நீ சொல். பிறகு அதை அளந்து காட்டு" என்றார்.

அதாவது, அதை வரையறுத்து, அளக்க ஒரு கேள்விக்கொத்துத் தயாரித்து, ஒரு சிறு குழுவில் பரீட்சித்துப் பார்க்கவேண்டும். கேள்விக்கொத்து தேறினால் எனக்கு மூன்று வருட வேலை, அதோடு கலாநிதிப் பட்டத்துக்கான பதிவு. தேறாவிட்டால் ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து பழையபடி காப்புறுதிக் கந்தோரில் மற்றவர்களுடைய கார் விபத்துகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கவேண்டியதுதான்.

மூன்று கிழமையில் வரையறுத்துவிட்டேன். (மனித குலம் அதுவரை சிரமப்பட்டது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.) உடல், ஞாபகம், உறவு, மனநிறைவு என நான்கு பகுதிகள். பகுதிக்குப் பத்துக் கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, நான் கூட்டுவதற்கு வசதியாக, அடைப்புக்குறிக்குள் புள்ளி. மொத்தம் நூறு. கடைசிப் பக்கத்தின் அடியில், நான் மறந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒரு வரி: எழுபதும் அதற்கு மேலும் எடுத்தவர் வெற்றிகரமாக முதுமை அடைந்தவர். எழுபதுக்குக் கீழே எடுத்தவருக்கு நான் ஒரு பெயர் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்திருந்தால் அதையும் அச்சடித்திருப்பேன்.

எங்கள் வீடு கிழக்கு லண்டனில், தமிழர் நிறைந்த ஃபாரஸ்ட் கேட்டில் இருந்ததால் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஒக்டோபரில் பதினெட்டுப் பேரைச் சேர்த்தேன். எல்லோரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள், பிள்ளைகளின் பின்னால் ஊரைவிட்டு வந்து சேர்ந்தவர்கள். கேள்விகள் இன்னும் தமிழில் தயாராகாததால் அன்றைக்கு இரண்டு உடல் சோதனைகளை மட்டும், வாடகைக்கு எடுத்த ஒரு தேவாலய மண்டபத்தில் செய்தேன். ஒன்று, ஆறு மீற்றர் நடக்க எடுக்கும் நேரம். மற்றது, ஒற்றைக்காலில் எத்தனை செக்கன் நிற்கமுடிகிறது என்பது. (வயது போகப்போக விழாமல் இருப்பதே பாதி வெற்றி. விழப்போகிறவரை இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.)

இல்ஃபோர்ட்டிலிருந்து மகன் காரில் கொண்டுவந்து இறக்கிய யோகம்மா அன்ரி, அறுபத்தொன்பது வயது, இரண்டு செக்கன் நின்றார். மன்னாரைச் சேர்ந்த செபமாலை ஐயா, எழுபத்தொன்று, நான்கு செக்கன் நின்றுவிட்டு ஐந்தாவதில் என் தோளைப் பிடித்தார். நான் மேசையைப் பிடித்தேன். மேசைக்குப் பிடிக்க எதுவும் கிடைக்கவில்லை. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் தங்கராசா மாஸ்டர், எழுபத்துநான்கு, ஏழு செக்கன். அதுதான் அன்றைய சாதனை.

பிறகு கேள்விகளைத் தமிழாக்கி, பிழை பார்க்க அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவின் தமிழ் என்னுடையதைவிடச் சுத்தம். அவர் குசினி மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம்வரை வாசித்தார்.

"என்ன பிள்ளை, இதில புள்ளி போட்டிருக்கு?"

"ஓம். எனக்குக் கூட்ட வசதியா."

"எழுபது எடுக்காட்டி?"

"எடுக்காட்டி எடுக்கேல்ல."

"அப்ப உன்ர வேலை?"

"இது சரிவந்தாத்தான் அம்மா வேலை. இல்லாட்டி ஏப்ரலில திரும்பவும் காப்புறுதி."

இவ்வளவையும் நான் பச்சைக் கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னேன். தூக்கியிருந்தால் அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பேன். இந்தக் கட்டுரைக்கும் தேவை வந்திருக்காது. அம்மா தாள்களை அடுக்கி, "வடிவாய்ப் பாத்துத் தாறன், ரெண்டு கிழமை விடு" என்றார். ஆறு பக்கத்துக்கு ஏன் இரண்டு கிழமை என்று புள்ளிவிபரவியல் படித்த எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை முதலாம் சுற்று. பத்து மணிக்கு வரச்சொன்னவர்கள் ஒன்பதே முக்காலுக்கே மண்டபத்து வாசலில் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கு இரண்டு பேனை. யோகம்மா அன்ரியின் நெற்றியில் அப்போதுதான் பூசிய திருநீறு. செபமாலை ஐயா உள்ளே வருமுன் சிலுவை அடையாளம் போட்டார். தாளை நீட்டியதும், "மேலதிகத் தாள் தருவியளோ?" என்று ஒருவர் கேட்டார். (அநேகமான கேள்விகளுக்குக் கட்டத்தில் ஒரு சரி போட்டால் போதும்.) முடிந்து போகும்போது இரண்டு பேர், "றிசல்ட் எப்ப வரும்?" என்றார்கள். எங்கள் முதியவர்களுக்கு விஞ்ஞானத்தில் இவ்வளவு ஆர்வமா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். குறைந்த புள்ளி தொண்ணூற்றுநான்கு. பதினொரு பேர் நூறு. பத்துச் சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் ஞாபகச் சோதனையில் பதினெட்டுப் பேரும் பத்தையும், அதே ஒழுங்கில், மூச்சு விடாமல் சொல்லியிருந்தார்கள். போன கிழமை எத்தனை நண்பர்களோடு கதைத்தீர்கள் என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பதினான்கு நண்பர்கள். செபமாலை ஐயாவின் தாளில் பால் என்ற இடத்தில் பெண் என்றும், மணநிலை என்ற இடத்தில் கணவரை இழந்தவர் என்றும் இருந்தது. பக்கத்துக் கதிரையில் யோகம்மா அன்ரி இருந்ததை நான் யோசிக்கவில்லை. வயதானவர், கை தவறியிருக்கும் என்று நானே திருத்திவிட்டேன்.

ஒற்றைக்காலில் குறைந்தது இருபது செக்கன். செபமாலை ஐயா ஐம்பத்தொன்று. மூன்று மாதத்துக்கு முன் நான்கு செக்கன் நின்ற மனிதர். இந்த இடத்திலாவது எனக்கு ஒரு பொறி தட்டியிருக்கவேண்டும். தட்டியது. பச்சைக் கொப்பியில் இப்படி எழுதினேன்: "ஒக்டோபரில் நிறுத்தற் கடிகாரம் பிழை. புதியது வாங்கவும்." ஒக்டோபர்த் தாள்களைப் 'பிழைகள்' என்ற கோப்புக்குள் போட்டு மூடினேன்.

நாற்பதாவது கேள்விதான் என்னை முழுதாகக் கவிழ்த்தது. அது ஒன்றுதான் எழுதிப் பதில் சொல்லவேண்டியது: உங்கள் வாழ்க்கையை நினைக்கும்போது என்ன தோன்றுகிறது? பதினெட்டுப் பேரும் எழுதியிருந்தார்கள்: "போனதை எண்ணிக் கவலையில்லை. இருப்பதில் நிறைவு. வருவது வரட்டும்." சொல்லுக்குச் சொல், முற்றுப்புள்ளிக்கு முற்றுப்புள்ளி. நான் அதைப் பதினெட்டுத் தடவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். ஒன்பதாவது தடவையில் கண் கலங்கியது. அகதிகளாக வந்து இறங்கிய ஒரு சமூகம் முழுவதுக்கும் பொதுவாக ஒரு தத்துவம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தவள் நான்.

அடுத்த புதன்கிழமை எங்கள் பிரிவின் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் அந்த மூன்று வசனங்களையும் பிளாஸ்ரிக் தாளில் எழுதிச் சுவரில் பெரிதாக விழுத்திக் காட்டினேன். உலகிலேயே மிக வெற்றிகரமாக முதுமையடைந்தவர்கள் கிழக்கு லண்டனில் வசிக்கிறார்கள் என்று அறிவித்தேன். சிலர் கைதட்டினார்கள். ஹெலன் தட்டவில்லை. என் புள்ளி அட்டவணையை வெகுநேரம் பார்த்தபடி இருந்துவிட்டு, "இரண்டாம் சுற்றுக்கு நானும் வரலாமா?" என்று கேட்டார்.

இரண்டாம் சுற்று என்பது இதுதான். ஒரே ஆளை இரண்டு கிழமை கழித்து மறுபடி அளந்தால் ஏறக்குறைய அதே விடை வரவேண்டும். இல்லாவிட்டால் நாம் அளக்கும் அடிமட்டம் இறப்பரில் செய்தது என்று பொருள். ஞாபகச் சோதனைக்கு மட்டும், பழைய சொற்கள் மனதில் நின்றுவிடும் என்பதால், வேறு பத்துச் சொற்கள் கொண்ட இரண்டாவது பட்டியலைப் பின்னிணைப்பில் வைத்திருந்தேன். அம்மாவிடம் கொடுத்த தாள்களில் அந்தப் பின்னிணைப்பும் இருந்தது.

ஹெலன் என் பக்கத்தில் அமர்ந்தார். முதல் ஆளாக யோகம்மா அன்ரி வந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இருங்கோ அன்ரி. நான் பத்துச் சொல்லு வாசிப்பன். முடிய நீங்கள் சொல்லோணும். குதிரை…"

"குதிரை, சாவி, மழை, கத்தரிக்கோல், தோடம்பழம், மணி, பாலம், உப்பு, சட்டை, விளக்கு."

பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அன்ரி, நான் இன்னும் வாசிக்கேல்ல."

அன்ரி திடுக்கிட்டு என்னையும் ஹெலனையும் பார்த்தார். பிறகு மிகவும் பணிவாக, "முதல் லிஸ்ற்றோ பிள்ளை வேணும்? அதுவும் பாடம். சொல்லட்டோ?" என்றார்.

ஹெலனுக்குத் தமிழ் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. "நீ ஒரு சொல்தான் வாசித்தாய் என்று நினைக்கிறேன்" என்றார். நான் ஆம் என்றேன். என் காதுக்குள் காப்புறுதிக் கந்தோரின் தொலைபேசி அடித்தது.

அப்போது தங்கராசா மாஸ்டர் எழுந்தார். அவர் எழுந்தவுடன் மற்றப் பதினாறு பேரும் நிமிர்ந்து இருந்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

"பிள்ளை, யோகம்மாவை ஏசாதையும். நான்தான் படிப்பிச்சனான்."

"எதைப் படிப்பிச்சனீங்கள் மாஸ்டர்?"

"உம்மட பேப்பரை. நவம்பரில துவங்கி. செவ்வாய், வியாழன், வெள்ளி. பத்து மணிக்கு."

"இது சோதினை இல்லை மாஸ்டர். ஆராய்ச்சி."

"புள்ளி போட்டிருக்கு. பாஸ் மார்க் போட்டிருக்கு. போட்டனீர் நீர். அதுக்குப் பிறகு சோதினை இல்லை எண்டு சொல்லுறீர்." அவர் குரலில் நாற்பது வருட வகுப்பறை இருந்தது. "ஆயத்தம் செய்யாமல் சோதினைக்குப் போறது எங்கட ஆக்களுக்குப் பழக்கமில்லை."

"பேப்பர் எப்பிடிக் கிடைச்சது?"

பதினெட்டுப் பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். அங்கே, எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்ற வந்திருந்த அம்மா, போத்தலின் மூடியை வெகு கவனமாகத் திருகிக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கிறாய்? பேப்பர்க் கடையில பதினெட்டு போட்டோக்கொப்பி. பிள்ளையின்ர வேலை போகப்போகுதெண்டு சொன்னன். அவையள் விடுவினமோ?"

நான் எல்லாவற்றையும் ஹெலனுக்கு மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்மையாக, அவ்வளவு மெதுவாக எதையும் மொழிபெயர்த்ததில்லை. ஹெலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டத்தில் நான் சுவரில் விழுத்திய தத்துவம் மாஸ்டரின் மாதிரி விடை என்பதும் அந்த இடத்தில்தான் வெளிவந்தது. ("மூண்டு வசனத்துக்கு மேல எழுதினா ஆருக்கும் ஞாபகம் நிக்காது" என்று மாஸ்டர் விளக்கம் வேறு சொன்னார்.)

"அடுத்த வகுப்பு எப்போது?" என்றார் ஹெலன்.

"செவ்வாய்" என்றேன்.

"நாங்கள் இரண்டு பேரும் போகிறோம்."

அந்த மூன்று நாளும் பச்சைக் கொப்பியில் நான் எழுதிய ஒரே பட்டியல், நான் திருப்பிக் கொடுக்கவேண்டிய பல்கலைக்கழகப் பொருட்கள். கதவு அட்டை, நிறுத்தற் கடிகாரம் இரண்டு, அளவு நாடா. அம்மாவோடு நான் பேசவில்லை. அம்மா மூன்று நாளும் எனக்குப் பிடித்த கறியாகச் சமைத்தார். அதனால் அவர் உண்மையிலேயே பயந்துபோயிருக்கிறார் என்று தெரிந்தது. மன்னிக்க மனம் வந்தாலும் கறியை உத்தேசித்து இன்னொரு நாள் தள்ளிப்போட்டேன்.

செவ்வாய்க்கிழமை மழை. மாஸ்டரின் பிளாட் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில். லிப்ட் கிடையாது. ஹெலன் முதலாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினார். எங்களைத் தாண்டி யோகம்மா அன்ரி, ஒரு கையில் குடையும் மறு கையில் வடைச் சட்டியுமாக, "விலத்துங்கோ பிள்ளை, பிந்துது" என்று ஏறிப்போனார்.

"இவரை மகன் காரில் கொண்டுவருவதாகச் சொன்னாயே?" என்றார் ஹெலன்.

நான் அன்ரியிடம் கேட்டேன்.

"முதல் நாள் மட்டும்தான் அவன் கொண்டந்து விட்டவன். பிறகு அவனுக்குப் பகல் ஷிப்ட். நான் 86 பஸ்ஸில வாறன்." பிறகு, ஏதோ சாதாரண விஷயம்போல, "இவர் போனதுக்குப் பிறகு ரெண்டு வருசமா நான் கேற்றைத் தாண்டேல்ல பிள்ளை. ஆனா பாடம் தவறக் கூடாதெல்லோ" என்றார்.

அறைக்குள் பதினாறு பேர் கதிரைகளிலும் கட்டில் விளிம்பிலும் இருந்தார்கள். போன சனிக்கிழமையோடு சோதனை முடிந்துவிட்டது, குட்டும் வெளிப்பட்டுவிட்டது. ஆனாலும் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"சோதினை முடிஞ்சால் அடுத்த வகுப்புக்கு ஏத்துறதுதானே" என்றார் மாஸ்டர். நாற்பது சொற்கள் கொண்ட புதிய பட்டியல் ஒன்று சுவரில் தொங்கியது. அதில் 'தோடம்பழம்' வரலாமா, போன பட்டியலில் வந்துவிட்டதே என்று ஒரு பெரிய வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது.

பத்தே காலுக்குக் கதவு திறந்தது. செபமாலை ஐயா. பூசை முடிந்து வந்திருந்தார். மாஸ்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை. செபமாலை ஐயா கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, கதவோரமாகப் போய், கையைக் கட்டிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார்.

"அவர் ஏன் நிற்கிறார்?" என்று ஹெலன் மெதுவாகக் கேட்டார்.

"பிந்தி வந்ததற்குத் தண்டனை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் வழக்கம்."

"எத்தனை தடவை பிந்தியிருக்கிறார்?"

கேட்டுச் சொன்னேன். வாரத்தில் மூன்று நாளும். மூன்று மாதமாக.

ஹெலன் என்னைப் பார்த்தார். நான் செபமாலை ஐயாவின் காலைப் பார்த்தேன். அது ஆடவேயில்லை. சொற்களைப் பாடமாக்கலாம். நண்பர்களின் எண்ணிக்கையைச் சொல்லிக்கொடுக்கலாம். பக்கத்துத் தாளைப் பார்த்துப் பெண்ணாகக்கூட மாறலாம். ஆனால் ஒற்றைக்காலில் ஐம்பது செக்கன் நிற்பதை யாரையும் பார்த்துக் கொப்பியடிக்க முடியாது. நின்றால்தான் நிற்கலாம்.

"இந்த வகுப்புகள் தொடங்குவதற்கு முன் இவர்கள் எப்படி நின்றார்கள் என்று நமக்குத் தெரிந்திருந்தால்" என்று ஹெலன் பெருமூச்சு விட்டார்.

"தெரியும்" என்றேன். "ஒக்டோபரில் எடுத்தேன். பிழை என்று கோப்பில் போட்டுவிட்டேன்."

"எறியவில்லையே?"

நான் எதையும் எறிவதில்லை. அதுதான் என் குறை என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

அன்று பின்னேரம் 'பிழைகள்' கோப்பைத் திறந்து, ஒக்டோபரையும் ஜனவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பதினெட்டுப் பேரில் ஒருவர்கூட விதிவிலக்கில்லை. எல்லோரும் கூடுதல் நேரம் நின்றார்கள், எல்லோரும் வேகமாக நடந்தார்கள். அடிக்கடி பிந்துகிறவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் நின்றார்கள். நிறுத்தற் கடிகாரத்தில் ஒரு பிழையும் இல்லை. பிழை அதைப் பிடித்திருந்த கையில்.

அடுத்த மாதம் அதே அறையில் அதே நாற்பது பேர் முன்னால் மறுபடி நின்றேன். என் கேள்விக்கொத்து தோற்றுவிட்டது என்று முதல் வசனத்திலேயே சொன்னேன். போன முறை காட்டிய சமூகத் தத்துவம் ஒரு கணித வாத்தியாரின் குறிப்பு என்றும், 'கணவரை இழந்த பெண்' ஒருவருக்கு மீசை இருந்தது என்றும் சொன்னேன். சிரித்தார்கள். சிரித்து முடியும்வரை நின்றுவிட்டு ஒக்டோபர் அட்டவணையைச் சுவரில் விழுத்தினேன். பிறகு ஜனவரியை. யாரும் சிரிக்கவில்லை. நான் நாற்பது கேள்வி போட்டு அளக்கப் போன சாமானை இவர்கள் சோதனையில் தேறுவதற்காகத் தாங்களே செய்துவிட்டார்கள் என்றேன். இந்த முறை ஹெலன்தான் முதலில் கைதட்டினார்.

ஏப்ரல் முதலாம் திகதி நான் காப்புறுதிக் கந்தோருக்குப் போகவில்லை. மூன்று வருடம் கிடைத்தது. ஆய்வின் பொருள், மாஸ்டரின் வகுப்பு. கேள்விகள் பன்னிரண்டுதான், ஒன்றுக்கும் புள்ளி போடவில்லை. (போடாததைப் பார்த்து மாஸ்டர் முகம் சுளித்தார். "அப்ப எப்பிடிப் பிள்ளை அக்கறை வரும்?" என்றார். ஆய்வு முடிந்தபோது அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது.)

இதெல்லாம் நடந்து ஆறு வருடமாகிறது. போன ஆவணியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு லண்டனின் தென்கோடியில், மோர்டனில் என்பதால் மண்டபமும் அங்கேயே. வகுப்பு முழுவதும் வாடகைக்கு எடுத்த ஒரு வானில் வந்து ஒரு மணித்தியாலம் முன்னதாகவே இறங்கிவிட்டது. பெண்ணின் கார் மட்டும் வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. கூறைப் பெட்டியும் நானும் அம்மாவும் மண்டப வாசலில் இறங்கியபோது இருபத்தைந்து நிமிடம் பிந்தியிருந்தோம். வாசலில் நாதஸ்வரம் இல்லை, மாப்பிள்ளை வீட்டார் இல்லை. எண்பது வயது தங்கராசா மாஸ்டர் நின்றார். மணிக்கூட்டைப் பார்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யார் எதற்குப் பிந்தினாலும் கதவோரம்தான். என் கணவருக்கு அது முதல் கிழமையிலேயே பழக்கமாகிவிட்டது. எங்கள் வரவேற்பறையில் மாட்டியிருப்பதும் கல்யாண மேடைப் படம் அல்ல, அந்த வாசல் படம்தான். அதில் நான் பட்டுச்சேலையும் நெற்றிப்பட்டமுமாக ஒற்றைக்காலில் நின்று, அம்மாவின் தோளைப் பிடித்திருக்கிறேன். பின்பக்கத்தில் அம்மா பென்சிலால் எழுதியிருக்கிறார்: "ஆறு செக்கன். பெயில்."

என் பக்கத்தில், நான் தனியாக நிற்கக் கூடாது என்பதற்காகச் செபமாலை ஐயாவும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். படம் எடுத்தவர் பிறகு சொன்னார், நாங்கள் எல்லோரும் உள்ளே போய், ஐயர் மந்திரம் தொடங்கிய பிறகும் அவர் காலைக் கீழே வைக்கவில்லையாம்.